பழைய ஏடுகளில் பாட்டன் பாட்டியைத் தேடுவது எதற்காக?

நம் குடும்பங்களில் அண்மைக் காலமாக ஒரு புதிய ஆவல் எழுந்திருக்கிறது. வெளிநாடுகளில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது, “அம்மம்மாவின் தகப்பனார் யார்? அவர் எந்த ஊரவர்? என்ன தொழில் செய்தார்?” என்று கேட்கிறார்கள். வீட்டிலுள்ள பெரியவர்களுக்குத் தம் பாட்டன் பாட்டியின் பெயர் தெரியும். அதற்கு அப்பால் பெரும்பாலும் தெரிவதில்லை. ஆகவே, பங்குமனைக்கு வந்து பழைய விவாகப் பதிவேட்டில் தேடித் தர முடியுமா என்று கேட்கிறார்கள்.

தேடலாமா என்பது ஒரு கேள்வி. எதற்காகத் தேட வேண்டும், கண்டெடுத்ததை என்ன செய்ய வேண்டும் என்பவை அதனிலும் பெரிய கேள்விகள்.

ரிஷிமூலமும் நதிமூலமும் பார்க்கக் கூடாது என்பது நம்மவர் வழக்கு. புனித சின்னப்பரும் தீமோத்தேயுவுக்கும் தீத்துவுக்கும் எழுதிய கடிதங்களில், முடிவில்லாத வம்ச வரலாறுகளில் காலத்தைச் செலவிட வேண்டாமென எச்சரிக்கிறார். அவர் கண்டித்தது வீண் வாதத்தையும், பிறப்பைக் காட்டிப் பெருமை கொள்வதையுமே. முன்னோரை அறிந்து மதிப்பதை அவர் கண்டிக்கவில்லை. அதே தீமோத்தேயுவின் பாட்டி லோயிசாளையும் தாய் எவுனிக்கேயாளையும் பெயர் சொல்லி நினைவுகூர்ந்தவர் அவரே. ஆகவே தேடுவதா வேண்டாமா என்று வாதிடுவதை விட, எந்த மனத்தோடு தேடுவது என்று ஆராய்வதே பயன் தரும்.

ஏடுகள் ஏன் தோன்றின?

கோவில்களில் விவாகப் பதிவேடு வைக்கப்பட்ட காரணத்தை நம்மிற் பலர் அறியார். திரிதெந்தீன் சங்கம் 1563ஆம் ஆண்டில் விவாகம் பற்றி ஒரு தீர்மானம் செய்தது. அதுவரை ஐரோப்பாவில் இரகசிய விவாகங்கள் மலிந்திருந்தன. ஒருவன் ஒரு பெண்ணை யாரும் அறியாமல் மணந்து, பின் அவளைக் கைவிட்டு, வேறொருத்தியை ஊரறிய மணப்பான். முதற் பெண்ணுக்குச் சாட்சியும் இல்லை, எழுத்தும் இல்லை. இந்த அநீதியைத் தடுப்பதற்காகவே விவாகம் பங்குக் குருவின் முன்னும் சாட்சிகளின் முன்னும் நடைபெற வேண்டும், மணமக்கள் பெயரும் சாட்சிகள் பெயரும் நாளும் இடமும் ஓர் ஏட்டில் எழுதப்பட வேண்டும் என்று சங்கம் விதித்தது. ஏமாற்றப்பட்ட பெண்ணுக்கு அரணாக வந்த ஏடு இது. இன்று அதைத் திறப்பவர் இந்தத் தொடக்கத்தை நினைவில் வைத்திருத்தல் நன்று.

1614ஆம் ஆண்டில் வெளிவந்த உரோமைச் சடங்கு நூல் இன்னும் ஓர் ஏட்டைச் சேர்த்தது. பங்கிலுள்ள வீடுகளில் வாழ்வோர் யார், அவர்கள் வயது என்ன, எந்தெந்தத் தேவதிரவிய அநுமானங்களைப் பெற்றிருக்கிறார்கள் என்று வீடு வீடாகக் குறித்து வைக்கும் ஏடு அது. ‘ஆன்மாக்களின் நிலை’ என்று அதற்குப் பெயர். இன்று பங்குகளில் குடும்பப் பதிவேடு என்று சொல்வது அதன் வழித்தோன்றலே. அரசாங்கங்கள் குடிசன மதிப்பு எடுக்கத் தொடங்குமுன்னரே பல நாடுகளில் பங்குக் குருக்கள் அதைச் செய்துவந்தனர்.

நம் நாட்டில் அரசின் ஏடுகளும் பழமையானவை. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், நிலத்தையும் குடிகளையும் தோம்புகளில் எழுதினர். யாரிடமிருந்து எவ்வளவு வரி, எந்த ஊழியம் பெறலாம் என்பதே அவற்றின் நோக்கம். பாடசாலைத் தோம்புகளில் ஞானஸ்நானமும் விவாகமும் குறிக்கப்பட்டன. கத்தோலிக்க மறை தடைசெய்யப்பட்டிருந்த காலம் அது. சட்டம் ஏற்கும் விவாகம் வேண்டுமானால் நம் முன்னோர் சீர்திருத்தச் சபையிலேயே பெயர் கொடுக்க வேண்டியிருந்தது. அதே மனிதர்கள், 1687இல் யாழ்ப்பாணம் வந்த புனித யோசேவ் வாஸ் அடிகளிடமும் அவருக்குப் பின் வந்த குருக்களிடமும் இரவோடிரவாகத் தேவதிரவிய அநுமானங்களைப் பெற்றனர். தோம்பை மட்டும் படிப்பவர் அவர்களைச் சீர்திருத்தச் சபையார் என்றே முடிவு செய்வார். பதிவேடு தன்னிடம் கேட்கப்பட்ட கேள்விக்கே பதில் சொல்லும். கேளாத கேள்விக்கு அது மௌனமாயிருக்கும். இதை மறந்தவர் ஏட்டைப் படித்தும் முன்னோரை அறியமாட்டார்.

பெயர்களின் சிக்கல்

தேடப் புகுவோர்க்குச் சில விளக்கங்கள் தேவை. நம்மவர்க்குக் குடும்பப் பெயர் இல்லை. தகப்பனின் பெயர் மகனுக்கு முன்னெழுத்தாகிறது; பேரனிடம் அதுவும் மறைந்துவிடுகிறது. மேலும், அமலமரித் தியாகிகள் சபைக் குருக்கள் 1847இல் இந்நாட்டுக்கு வந்த பின் நெடுங்காலம் பதிவுகள் இலத்தீனில் எழுதப்பட்டன. வீட்டில் அருளப்பு என்று அழைக்கப்பட்டவர் கோவில் ஏட்டில் யொவான்னெஸ். அரசாங்கப் பத்திரத்தில் ஜோன். முடியப்பு என்பவர் ஸ்தேபானுஸ். ஞானப்பிரகாசம் என்பவர் அலோயிசியுஸ். சந்தியாகு, யாக்கோப்பு, ஜேம்ஸ் ஆகிய மூன்றும் ஒரே அர்ச்சியசிஷ்டவரின் பெயர். மூன்று ஏடுகளில் மூன்று பெயரோடு இருப்பவர் ஒரே பாட்டனாக இருக்கலாம்.

இன்னொரு குறிப்பும் உதவும். பழைய விவாகப் பதிவுகளில் உறவுத்தடைக்கு விலக்கு அளிக்கப்பட்டதாக எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். மச்சானும் மச்சாளும் மணப்பது நம்மிடையே வழக்கமாதலால் இந்தக் குறிப்பு அரிதன்று. அக்காலக் கணக்கில் இரண்டாம் படி என்றிருந்தால் மணமக்கள் ஒரே பாட்டன் பாட்டியின் பேரப்பிள்ளைகள். மூன்றாம் படி என்றிருந்தால் ஒரே பூட்டன் பூட்டியின் வழிவந்தவர்கள். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் எண்ணும் முறை மாறியது. ஆகவே முன்னர் இரண்டாம் படி என்றது இப்போது நான்காம் படி எனப்படும். 1908ஆம் ஆண்டு முதல், ஒருவரின் விவாகம் அவருடைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்திலும் குறிக்கப்பட வேண்டும் என்ற ஒழுங்கு நடைமுறைக்கு வந்தது. அந்த ஓரக் குறிப்பு பல வேளைகளில் வேறொரு பங்குக்கு வழி காட்டும்.

எண்ணும் பெயரும்

குடிசன மதிப்பு அறிக்கைகளில் முன்னோரைத் தேடலாமென எண்ணுவோர் ஏமாற்றமடைவர். இங்கிலாந்தில் நூறு ஆண்டுகள் கடந்தபின் வீட்டுக்கு வீடு எழுதப்பட்ட தாள்களை மக்கள் பார்வைக்குத் திறக்கிறார்கள். 1921ஆம் ஆண்டுத் தாள்கள் 2022இல் திறக்கப்பட்டன. நம் நாட்டில் 1871இல் முதலாவது முறையான குடிசன மதிப்பு நடந்தது. அன்று தீவிலிருந்தோர் ஏறக்குறைய 24 இலட்சம். சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பைப் பொறுப்பேற்று நடத்தி எழுதிய அறிக்கை இன்றும் அறிஞரால் போற்றப்படுவது. ஆயினும் அந்த அறிக்கைகளில் இனமும் மதமும் தொழிலும் தொகைகளாகவே உள்ளன. பாட்டி அதில் ஒரு பெயரல்ல. ஓர் எண்ணிக்கையில் ஒன்று.

எண்ணுவது தீதென்று சொல்ல வரவில்லை. எண்ணிக்கையும் ஓர் உண்மையைச் சொல்லும். 1981இல் கிளிநொச்சியையும் உள்ளடக்கிய யாழ்ப்பாண மாவட்டத்தில் 8 இலட்சத்து 30 ஆயிரம் பேர் இருந்தனர். போர் காரணமாக 1991இல் குடிசன மதிப்பு நடைபெறவில்லை. 2001இல் வடக்கு கிழக்கில் அது முழுமை பெறவில்லை. 2012இல் எண்ணியபோது யாழ்ப்பாணம், கிளிநொச்சி ஆகிய இரு மாவட்டங்களும் சேர்ந்து 7 இலட்சத்தையும் எட்டவில்லை. முப்பது ஆண்டுகளில் நாம் இழந்ததை அந்த இரு எண்களும் காட்டுகின்றன. சென்றவர் யார், இறந்தவர் யார், காணாமற்போனவர் யார் என்பதை அவை காட்டவில்லை. தாய் ஒருத்திக்கு அந்த விடைதான் வேண்டும்.

தாவீது அரசர் தம் மக்களை எண்ணியது பாவமாயிற்று என்று வேதாகமம் கூறுகிறது. தம் படைபலத்தை அளந்து பார்க்க எண்ணினார் என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று. எண்ணுகிறவனின் நோக்கமே எண்ணிக்கையின் அறத்தைத் தீர்மானிக்கிறது. இதற்கு நம் நாட்டிலேயே கசப்பான உதாரணம் உண்டு. 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று முதன்முறையாகத் தனித்தனியே எண்ணினர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், இங்கு பிறந்தவரும் தம் தகப்பனார் இங்கு பிறந்தவரென்றோ, அல்லது தகப்பன் வழிப் பாட்டனாரும் பூட்டனாரும் இங்கு பிறந்தவர்களென்றோ காட்ட வேண்டுமென்று கோரியது. தோட்டத்து லயங்களில் பிறந்த பலருக்குப் பிறப்புப் பதிவே இருக்கவில்லை. பாட்டனின் பிறப்பை எழுத்தில் காட்ட இயலாத காரணத்தால் உழைக்கும் மக்கள் இலட்சக்கணக்கில் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி உடன்படிக்கை 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 8 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இரு நாடுகளுக்கிடையே பங்கிட்டது. மிஞ்சியிருந்தோர்க்கு வழி செய்த சட்டம் 2003இல்தான் வந்தது. நமக்கு ஓய்வுநேர ஆவலாக இருக்கும் பாட்டனின் பெயர், மலையகத்துச் சகோதரர்களுக்கு நாடும் வாக்குரிமையும் ஆக இருந்தது. இதை அறிந்தவர் பதிவேட்டை விளையாட்டாக எண்ணார்.

பெருமைக்காகத் தேடுதல்

சிலர் தம் குலத்தின் உயர்வை நிலைநாட்டத் தேடுகிறார்கள். இன்னும் சிலர் கலியாணம் பேசும்போது பெண் வீட்டாரின் அல்லது மாப்பிள்ளை வீட்டாரின் ‘அடி’யை அறியத் தேடுகிறார்கள். விவாகப் பதிவேடு சாதி விசாரணைக்குரிய ஏடன்று. அதற்காக அதைத் திறக்கக் கேட்பதும், திறந்து கொடுப்பதும் தவறு.

அன்றியும், பெருமையைத் தேடிச் செல்பவர் எதைக் காண்பாரென்று சொல்ல முடியாது. ஆங்கில ஆட்சியின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் அடிமைகள் பதிவு செய்யப்பட்டனர். 1844ஆம் ஆண்டிலேயே இந்நாட்டில் அடிமைமுறை சட்டப்படி முற்றாக ஒழிந்தது. அந்தப் பதிவுகளில் உடைமையாளர் பெயரும் உண்டு, உடைமையாக்கப்பட்டோர் பெயரும் உண்டு. இன்று ஒரே கோவிலில் ஒரே பீடத்தின் முன் முழந்தாளிடும் குடும்பங்களின் முன்னோர் இரு நிரல்களிலும் இருக்கலாம். முதல் நிரலில் தன் பூட்டனைக் கண்டவனுக்குப் பெருமைப்பட என்ன இருக்கிறது? இரண்டாம் நிரலில் கண்டவனுக்கு வெட்கப்பட என்ன இருக்கிறது? அநீதி செய்தவனுக்குரிய வெட்கத்தை அநீதிக்குள்ளானவனின் பேரன் சுமக்க வேண்டியதில்லை.

புனித மத்தேயு ஆண்டவரின் வம்ச வரிசையை எழுதும்போது தாமார், இராகாப், ரூத், உரியாவின் மனைவி ஆகியோரை விட்டுவிடவில்லை. சாராளையும் ரெபேக்காளையும் மட்டும் எழுதியிருந்தால் வரிசை பார்வைக்கு அழகாயிருந்திருக்கும். அவர் உண்மையை எழுதினார்.

மறைந்திருந்தது வெளிப்படும்போது

ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்து பார்ப்போம். பேரன் ஒருவன் தன் அம்மம்மாவின் விவாகப் பதிவைத் தேடிக் காண்கிறான், ஆண்டு 1948. மகிழ்ச்சியோடு பெரிய மாமாவின் ஞானஸ்நானப் பதிவையும் பார்க்கிறான், அது 1946. தாயின் பெயர் இருக்கிறது. தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், அறியப்படவில்லை என்ற பொருளில் இரண்டு இலத்தீன் சொற்கள் இருக்கின்றன. பெரிய மாமா இன்றும் உயிரோடிருக்கிறார், ஊரில் மதிப்புள்ளவர். பேரன் என்ன செய்ய வேண்டும்?

இங்கு மூவருடைய உரிமைகள் சந்திக்கின்றன. முதலாவது, இறந்த பாட்டியின் உரிமை. பொய்யான குற்றத்தைச் சுமத்துவது அவதூறு. உண்மையான, ஆனால் மறைவான குற்றத்தைத் தகுந்த காரணமின்றி வெளியிடுவது புறணி. இரண்டும் எட்டாம் கற்பனைக்கு எதிரான பாவங்கள். நற்பெயருக்கான உரிமை கல்லறையோடு முடிவதில்லை. தன் பக்க நியாயத்தைச் சொல்ல அவளால் இப்போது முடியாதாதலால் நம் கடமை இன்னும் கனமாகிறது. அவள் ஏமாற்றப்பட்டாளா, பலவந்தப்படுத்தப்பட்டாளா, அன்பு கொண்டு கைவிடப்பட்டாளா என்பது ஏட்டில் இல்லை. அறியாததை அறிந்ததுபோல் நிரப்புவது துர்த்தீர்ப்பு.

இரண்டாவது, பெரிய மாமாவின் உரிமை. இந்தச் செய்தி எவருக்கேனும் சொந்தமென்றால் அது அவருக்கே சொந்தம். அவர் அதைச் சிறுவயது முதலே அறிந்து, தாயின் பொருட்டு மௌனம் காத்தவராகவும் இருக்கலாம். அவரைக் கேளாமல் அதைக் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போடுவதும், வம்ச விருட்சமென்று அச்சிட்டு விநியோகிப்பதும் களவுக்குச் சமம். அவரோடு பேச வேண்டுமானால் தனிமையில், அவர் பேச விரும்பும் அளவுக்குப் பேச வேண்டும்.

மூன்றாவது, உண்மைக்குரிய உரிமை. மறைத்து வைப்பது வேறு. பொய் சொல்வது வேறு. அறிவதற்கு நியாயமான காரணமுள்ள ஒருவர், பரம்பரை நோய் பற்றியோ நெருங்கிய உறவில் நிகழவிருக்கும் விவாகம் பற்றியோ கேட்பாராயின், அவருக்கு உண்மையைச் சொல்லக் கடமை உண்டு. ஏட்டையே மாற்றித் தரும்படி கேட்பது ஒருபோதும் ஆகாது. பதிவில் பிழை இருந்தால் தகுந்த அத்தாட்சியின் மேல் ஓரத்தில் குறிப்பு எழுதப்படும். எழுதியதை யாரும் அழிப்பதில்லை. குடும்பத்தின் கௌரவத்துக்காகவும், வெளிநாட்டு விண்ணப்பங்களுக்காகவும் இத்தகைய வேண்டுகோள்கள் எழக்கூடும். பெயரை மாற்றுவது அன்றைய மனிதனை இரண்டாம் முறை புதைப்பதாகும்.

ஆயினும் பேரன் அந்தப் பக்கத்தை மூடுமுன் இன்னும் ஒரு வரியைப் படிக்க வேண்டும். ஞானத்தந்தை, ஞானத்தாய் ஆகியோரின் பெயர்கள் அங்கே எழுதப்பட்டிருக்கின்றன. ஊர் பழித்த நாளில் அந்தப் பிள்ளையைக் கையில் ஏந்தி நின்றவர்கள் அவர்கள். பாட்டியின் அண்ணனாக இருக்கலாம். அயல்வீட்டுக் கைம்பெண்ணாக இருக்கலாம். பிள்ளையை மறைக்காமல், ஒருவர் கையிலும் கொடுத்துவிடாமல், கோவிலுக்குத் தூக்கி வந்த தாயின் துணிவும் அந்தப் பதிவில் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளின் பின் அவளை மணந்து, பிள்ளைக்குத் தன் பெயரைக் கொடுத்து வளர்த்த பாட்டனின் பெருந்தன்மை 1948ஆம் ஆண்டுப் பதிவில் இருக்கிறது. ஒரே ஏட்டில் வெட்கத்தைக் காணலாம், இரக்கத்தையும் காணலாம். எதைக் கண்டெடுப்பது என்பது படிப்பவன் கையில் உள்ளது.

திருச்சபையும் இவ்விடயத்தில் வளர்ந்து வந்துள்ளது. 1917ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில், விவாகத்துக்குப் புறம்பே பிறந்தவர் குருப்பட்டம் பெறுவதற்குத் தடை இருந்தது. விலக்குப் பெற்றே பட்டம் பெற முடியும். 1983ஆம் ஆண்டுத் தொகுப்பில் அந்தத் தடை இல்லை. பிள்ளையின் பிறப்பு பிள்ளையின் குற்றமல்ல என்பதைச் சட்டமும் ஏற்றுக்கொண்டது. சட்டம் விட்டுவிட்டதைக் குடும்பங்கள் இன்னும் பிடித்துக்கொண்டிருப்பது எவ்வகையில் நியாயம்?

ஏட்டில் இல்லாதோர்

நம் ஏடுகள் பல இடப்பெயர்வுகளையும் குண்டுவீச்சுகளையும் கடந்து வந்தவை. வீடுகளில் இருந்த பிறப்பு, விவாக அத்தாட்சிப் பத்திரங்கள் எரிந்தும் கைவிடப்பட்டும் போயின. ஆகவே தேடியும் காணாதவர் மனம் தளர வேண்டியதில்லை. வீட்டிலிருக்கும் முதியவரின் நினைவும் ஓர் ஏடுதான். அது மூடப்படுமுன் அருகில் அமர்ந்து கேட்டு எழுதுங்கள். காணியுறுதிகளையும், மரணவீட்டில் வெளியிட்ட நினைவு மலர்களையும், சேமக்காலைக் கல்லறைகளையும் பாருங்கள்.

சிறப்பாகப் பெண்களின் பெயர்களை எழுதுங்கள். அரசாங்க விவாகப் பதிவில் மணமக்களின் தகப்பன்மாரின் பெயரும் தொழிலும் கேட்கப்பட்டன; தாய்மாரின் பெயர் கேட்கப்படவில்லை. இதனால் தாய்வழி முன்னோர் விரைவில் மறைந்துபோகிறார்கள். எண்ணாகமத்தில் இஸ்ராயேலர் இரண்டாம் முறை எண்ணப்பட்ட பின், மனாசே கோத்திரத்துச் சகோதரிகள் ஐவர் மோயீசனின் முன் வந்து நின்றார்கள். தங்கள் தகப்பனுக்கு மகன் இல்லை என்பதற்காக அவர் பெயர் அழிந்துபோக வேண்டுமா என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டது நியாயம் என்று ஆண்டவர் தீர்ப்பளித்தார். அந்த ஐந்து பெண்களின் பெயர்களும் அங்கே எழுதப்பட்டிருக்கின்றன.

நான்காம் கற்பனை தாய் தந்தையரோடு நின்றுவிடுவதில்லை. முன்னோரைத் தேடுவதும் அக்கற்பனையின் ஒரு பகுதியே. அவர்களை உள்ளபடி ஏற்றுக்கொள்வது அதன் கடினமான பகுதி. எனவே தேடுங்கள். காண்பவரைத் தீர்ப்பிடாதீர்கள், காட்டி வாணிபம் செய்யாதீர்கள். வருகின்ற கார்த்திகை மாதத்தில் மரித்தோருக்காகப் பலிபூசை ஒப்புக்கொடுக்கும்போது, கண்டெடுத்த பெயர்களை ஒவ்வொன்றாக எழுதிக் கொடுங்கள். தகப்பன் பெயர் இல்லாத இடத்தில் தாயின் பெயரை எழுதுங்கள். அவ்விருவரின் பெயரும் தெரியாவிட்டால், அந்தப் பிள்ளையைக் கையில் ஏந்தி நின்ற ஞானத்தாயின் பெயரையாவது எழுதுங்கள்.